ஒருவர் உள்ளே, வீடே நோயில்

புழல் என்றால் சென்னைக்கு ஏரி. நம் தெருக்களுக்கு அது சிறை. அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் சாலையில் போனாலும், பூந்தமல்லியிலிருந்து மதுரவாயல் வந்து புறவழிச்சாலை பிடித்தாலும் போய்ச் சேரும் இடம் அதுதான். இந்த வட்டாரத்துக் காலனிகளில் ஒருவரைப் பற்றி 'உள்ளே இருக்கான்' என்று சொன்னால், எங்கே என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் 1837 முதல் இயங்கிய மத்தியச் சிறை, 2006-ல் புழலுக்கு மாறியது. பழைய சிறை இடிக்கப்பட்ட இடத்தில் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு இடம் கிடைத்தது. சிறை இருந்த இடத்துக்கு மருத்துவம் வந்துவிட்டது. சிறை போன இடத்துக்கு மருத்துவம் எந்த அளவுக்குப் போனது, அங்கே ஒருவரை அனுப்பிவிட்டு வெளியே நிற்கும் குடும்பத்தின் உடம்பு என்னவாகிறது என்பதைத்தான் இந்த வாரம் பேச நினைக்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர்மீது எந்த நீதிமன்றமும் இன்னும் குற்றத் தீர்ப்பு எழுதவில்லை. விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். நாட்டின் மக்கள் தொகையில் நம் பங்கு 2011 கணக்கெடுப்பின்படி 16.6 விழுக்காடுதான். ஆகவே இனி நாம் சொல்லப்போகும் நோய்கள், பெரும்பாலும் குற்றவாளி என்று முடிவாகாத மனிதர்களின் நோய்கள்.

சிறை என்றதும் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடப்பதுதான் நினைவுக்கு வரும். ஆனால் உயிருக்கு மிக ஆபத்தான காலம் முதல் சில நாட்கள். தினமும் குடிக்கிறவரைத் திடீரெனப் பிடித்து அடைத்தால், இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுக்கம், வலிப்பு, நினைவுக் குழப்பம் எல்லாம் வரலாம். மருந்து கொடுக்காவிட்டால் ஆளே போய்விடக்கூடிய நிலை அது. பார்க்கிறவர்களுக்கோ அது நடிப்பாகவும் திமிராகவும் தெரியும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், இன்சுலின் போடுகிறவர், மனநோய்க்கு மருந்து எடுக்கிறவர் எல்லோருக்கும் கைதான இரவே மருந்து தடைபடுகிறது. மாத்திரைப் பட்டை வீட்டு அலமாரியில் இருக்கும். ஆள் காவல் நிலையத்தில் இருப்பார்.

தற்கொலையும் அப்படித்தான். சிறைச் சீர்திருத்தத்துக்காக உச்ச நீதிமன்றம் நீதிபதி அமிதவ ராய் தலைமையில் அமைத்த குழு, 2017 முதல் 2021 வரை நாட்டின் சிறைகளில் நடந்த இயற்கையல்லாத மரணங்கள் 817 என்றும், அவற்றில் 660 தற்கொலைகள் என்றும் எடுத்துச் சொன்னது. சிறையில் அடிதடியில் செத்தார்கள் என்ற செய்தியைத்தான் நாம் அதிகம் படிக்கிறோம். தனிமையில், அவமானத்தில், வீட்டை நினைத்துச் செத்தவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

கைதானவரை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது சட்டம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது இருந்தது. அந்தப் பரிசோதனை வெறும் முத்திரையாகிப் போனால் என்ன நடக்கும் என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூனில் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் மருத்துவச் சான்றோடுதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது, அடி பட்டிருக்கிறதா, என்ன நோய், என்ன மருந்து என்பதைச் சொல்லலாம். சொன்னதைப் பதிவு செய்யும்படி கேட்கலாம். குடும்பத்தார் யாராவது பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே நீதிமன்றத்துக்குப் போவது, வக்கீலைத் தேடி அலைவதற்கு எந்த வகையிலும் குறைந்த வேலை அல்ல.

உள்ளே நாட்கள் கூடக்கூட வேறு நோய்கள் வருகின்றன. பலர் ஒரே இடத்தில் படுத்து எழுந்தால் சொறி சிரங்கு வரும், இருமல் வரும். காற்றோட்டம் குறைந்த அறையில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால் பக்கத்துப் பாய்க்காரருக்கும் வரும். உலகம் முழுவதுமே சிறைகளில் காசநோய் வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். நெல்சன் மண்டேலாவுக்கே 1988-ல் சிறையில் இருந்தபோதுதான் காசநோய் வந்தது. ஐ.நா. 2015-ல் ஏற்றுக்கொண்ட சிறைவாசிகள் நலன் குறித்த விதிகளுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், காசு வாங்காமல், சிறைவாசிக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது அதன் 24-ஆம் விதி.

தமிழகச் சிறைகள் உத்தரப் பிரதேசம், டெல்லி சிறைகளைப்போல் நெரிசலில் பிதுங்குபவை அல்ல. அந்த வகையில் நாம் கொஞ்சம் தேவலை. புழலில் மருத்துவர் உண்டு, கடுமையான நோய் என்றால் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் உண்டு. ஆனால் சிறைவாசி தானாகப் புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்க முடியாது. வலி என்று அவர் சொல்ல வேண்டும், சொன்னதை ஒருவர் நம்ப வேண்டும், வழிக்காவலுக்குப் போலீஸ் வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் நோய் காத்திருக்காது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி பாதிரியாரை நினைத்துப் பாருங்கள். நடுக்குவாத நோயால் அவரால் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. உறிஞ்சிக் குடிக்க ஒரு குழல் கேட்டார். அதற்கே நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்தது. 2020 அக்டோபரில் கைதானவர், 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை.

உள்ளே இருப்பவரின் உடம்பில் சாதியும் சேர்ந்து வேலை செய்கிறது. சிறையில் யார் சமைப்பது, யார் கக்கூஸ் கழுவுவது என்பதைச் சாதி பார்த்துப் பிரித்த கையேடுகள் பல மாநிலங்களில் நம் காலம்வரை இருந்தன. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. சிறைப் பதிவேட்டில் சாதிக் கலத்தை எடுக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்ட விவகாரமும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. மோதலைத் தடுக்கத்தான் பிரித்தோம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஊரில் தனித் தெரு வைத்தவர்களும் இதே மாதிரி ஒரு காரணத்தைத்தான் சொன்னார்கள். கழிவைக் கையாளும் வேலை என்னென்ன நோய் கொண்டுவரும் என்று நம் வீடுகளில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். இந்தப் பக்கம்தான் செய்திகளில் வருவதே இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் ஒரு பையன் கைதாகிறான் என்று வைத்துக்கொள்வோம். நாலு நாள் வராவிட்டால் ஒப்பந்தக்காரர் வேறு ஆள் போட்டுவிடுவார். சம்பளம் நின்றது எல்லோருக்கும் தெரியும். கூடவே நிற்கும் இன்னொன்று உடனே தெரிவதில்லை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் அந்தப் பையனின் இ.எஸ்.ஐ. அட்டையில்தான் அவன் மனைவியின் பிரசவமும், குழந்தையின் காய்ச்சலும், அவனை நம்பியிருக்கும் அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தன. சந்தா கட்டுவது நின்றபிறகு அந்த உரிமை சில மாதங்கள் தாங்கும், அப்புறம் தீர்ந்துவிடும். பையன் குண்டர் சட்டத்தில் ஒரு வருடம் உள்ளே போனால், நடுவிலேயே ஒரு நாள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் அம்மாவைத் திருப்பி அனுப்புவார்கள்.

அந்த அம்மா என்ன செய்வார்? மாத்திரையைப் பாதியாக்கிச் சாப்பிடுவார். பிறகு விட்டுவிடுவார். மகன் உள்ளே இருக்கும்போது தன் சுகரைப் பற்றிப் பேசுவது அவருக்கே வெட்கமாக இருக்கும். 'மனு பார்க்க' ஒரு நாள் போக வேண்டும் என்றால் அன்றைக்கு வீட்டு வேலைக் கூலியோ சித்தாள் கூலியோ கிடையாது. ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு, காலையில் சாப்பிடாமல் கிளம்பி, புழல் வாசலில் காத்திருந்து, கொஞ்ச நேரம் முகம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். வக்கீல் பீஸுக்கு வட்டிக்கு வாங்கியிருப்பார், இல்லையென்றால் மகளிர் குழுக் கடன் எடுத்திருப்பார். வாரத் தவணைக்காரர் கதவைத் தட்டும்போது ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? தூக்கம் போகும், மாதவிடாய் தவறும், தலை சுற்றும். மருத்துவமனையில் மருத்துவர் 'டென்ஷன் ஆகாதீங்க' என்பார்.

குழந்தைகளின் நோய் வேறு மாதிரி. அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பையன் உண்மையைச் சொல்லிவிடுவான். படுக்கையில் சிறுநீர் கழிப்பது, பேசாமல் இருப்பது, வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் படுத்துக்கொள்வது எல்லாம் இப்படித் தொடங்குவதுண்டு. அடங்காத பிள்ளை என்று அடிக்கிறோம். பிள்ளை பயந்திருக்கிறது.

பூந்தமல்லிக்கு இதில் தனி வரலாறே இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கைத் தடா சட்டத்தின்கீழ் விசாரித்த சிறப்பு நீதிமன்றம் இங்கேதான் இயங்கியது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் ஒரே நாளில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அதற்குள் அவர்கள் சிறையில் கழித்திருந்தது ஏழு ஆண்டுகளுக்கு மேல். வழக்கின் நியாய அநியாயத்துக்குள் இங்கே நாம் போகவில்லை. உடம்பை மட்டும் பார்ப்போம். பேரறிவாளன் 1991-ல் கைதானபோது வயது 19. வெளியே முதல் பரோலில் வந்தது 2017 ஆகஸ்டில், நோயுற்ற தந்தையைப் பார்க்க. 2021 மே மாதம் புழலிலிருந்து மீண்டும் பரோல் கிடைத்தது, இந்தமுறை அவர் உடல்நிலைக்காக. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது சிறையில் அவருடைய நன்னடத்தை, படிப்பு ஆகியவற்றோடு நாள்பட்ட நோய்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறை வாசலுக்கும் நீதிமன்ற வாசலுக்கும் நடந்த அற்புதம்மாளின் கால்களைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதப்படவில்லை. அதே வழக்கில் 2022 நவம்பரில் விடுதலையான சாந்தன், திருச்சி சிறப்பு முகாமுக்கு மாற்றப்பட்டு, 2024 பிப்ரவரி 28 அன்று கல்லீரல் செயலிழந்து சென்னை அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். இலங்கையில் இருக்கும் தாயிடம் போய்ச் சேர அனுமதி கிடைத்திருந்த நேரம் அது.

அது உலகறிந்த வழக்கு. நம் தெருப் பையன்களின் வழக்குகளை மாவட்டச் செய்தியில்கூட ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம், விசாரணை இல்லாமலே ஒருவரை ஓராண்டுவரை வைத்திருக்க வழி செய்கிறது. இதில் ஜாமீன் கிடையாது. அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையும் கிடையாது. இப்படித் தடுப்புக் காவலில் வைக்கப்படுபவர்களின் எண்ணிக்கையில் தமிழகம் பல ஆண்டுகளாக நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டால் பல உத்தரவுகள் ரத்தாகின்றன. ஆனால் ரத்தாகி வெளியே வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

வெளியே வந்தபின்னும் தெருவுக்கு நிம்மதி இல்லை. நிபந்தனை ஜாமீன் என்றால் தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. காலை ஷிஃப்ட் ஆறு மணிக்குத் தொடங்கும் கம்பெனியில் எவர் இதற்கு விடுவார்கள்? பெயர் ரவுடிப் பட்டியலில் ஏறிவிட்டால், ஊரில் எது நடந்தாலும் ராத்திரியில் முதலில் தட்டப்படுவது இந்தக் கதவுதான். தட்டும் சத்தத்தில் எழுந்து உட்காரும் கிழவிக்கும், பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்கும் வழக்கோடு என்ன சம்பந்தம்? அந்தத் தெருப் பெயரைச் சொன்னாலே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் பையன்கள் குடிக்குள் போவதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். சிறை மருத்துவமனைக்கு இன்னும் நாலு கட்டில் கேட்பது நல்லதுதான். அதைவிட அதிகம் நோயைத் தடுப்பது, உள்ளே இருக்கத் தேவையில்லாதவரைச் சீக்கிரம் வெளியே கொண்டுவருவது. ஜாமீன் தாமதத்தைச் சட்டப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதால் சுகாதாரத் துறையும் அதைத் தொடுவதில்லை, நம் இயக்கங்களும் வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுகின்றன.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஜாமீன்தாரருக்குச் சொத்துச் சான்று கேட்பார்கள். புறம்போக்கில் வீடு கட்டிப் பட்டாவுக்காகப் பல வருடம் மனு கொடுத்துக்கொண்டிருக்கும் தெருவில் சொத்துச் சான்றுக்கு எங்கே போவது? 1978-ல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், அவருடைய அண்ணன் தம்பி கொடுத்த உத்தரவாதத்தை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஏழைக்கு எட்டாத தொகையை ஜாமீனாகக் கேட்கக் கூடாது என்றார். அந்தத் தீர்ப்புக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. நம் நீதிமன்ற வளாகங்களில் இன்றும் ஜாமீன்தாரர் தேடி அலைகிறார்கள்.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில தெளிவான உத்தரவுகளைப் போட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணைப்பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதையும் அது சுட்டியது. பணம் கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்காக ஒன்றிய அரசு 2023-ல் கொண்டுவந்த திட்டத்தில், விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய்வரையும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய்வரையும் உதவி பெற அப்போது வழி செய்யப்பட்டது. வட்டிக்கு வாங்கும் முன் இதைக் கேட்டுப் பார்த்த குடும்பங்கள் நம் பகுதியில் எத்தனை?

வக்கீலுக்கும் கடன் வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் உண்டு. தொலைபேசி எண் 15100. இலவச வக்கீல் சரியாகப் பேச மாட்டார் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. சிலர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். பட்டரைப்பெரும்புதூரில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அதில் படிக்கும் நம் பிள்ளைகள், தம் தெருவில் உள்ளே இருப்பவர் யார், எந்த வழக்கு, ஜாமீன் எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாலே பாதி வேலை முடியும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவும் தெரிந்திருக்க வேண்டியது. முன்பு தண்டனை பெறாதவர், தன் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஒரு பையன்மேல் அடுத்தடுத்து நாலு சின்ன வழக்கு போடுவதன் பொருள் இப்போது இன்னும் கனத்துவிட்டது.

கடைசியாக, விடுதலையாகும் நாள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2007-ல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் சாவதற்கான வாய்ப்பு, மற்றவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் என்று அது கண்டது. பெரும் காரணம் போதைமருந்து. நம் ஊரில் சரக்கும் மாத்திரையும். மாதக்கணக்கில் குடிக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதை வரவேற்புக்கு பாட்டில் வாங்கும் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வாசலில் மாலையோடு நிற்கிறவர்கள் இன்னொன்றையும் கேட்டு வாங்கி வர வேண்டும். உள்ளே கொடுத்த மருந்துகளின் விவரம், ஸ்டான்லியில் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு. காசநோய் மருந்து நடுவில் இருந்தால் ஒரு நாள்கூட விடக் கூடாது. அடுத்த நாளே ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பதிவை மாற்றிக்கொண்டால் மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் வரும். இ.எஸ்.ஐ. போன வீட்டில் அம்மாவின் பிரஷர், சுகர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுக்கலாம், வீட்டுக்கே வரும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். இதற்கெல்லாம் மகன் வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவன் உள்ளே போன வாரமே செய்யலாம்.